வியாழக்கிழமைக்கு ஒரு மோசமான நாள்

திங்கட்கிழமை காலையில் எழுந்தபோது நரெல்லுக்கு உடம்பு நன்றாக இருந்தது. அதுதான் பிரச்சினை.

ஆறு வருஷமாகத் தீராத களைப்பு நோய். குளித்தால் சமைக்க முடியாது. சமைத்தால் தட்டைக் கழுவ முடியாது. வாரம் இரண்டு மணி நேரம் வீட்டு வேலைக்கு ஓர் ஆள் அனுப்புங்கள் என்று அரசாங்க உதவித் திட்டத்துக்கு மனுப் போட்டிருந்தாள். நேரில் பார்த்து மதிப்பிட வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஓர் அதிகாரி வருகிறாள்.

போன வருஷமும் ஒருத்தி வந்தாள். வந்தவளுக்கு மரியாதைக்காக ஒரு டீ போட்டுக் கொடுத்தாள் நரெல். ‘விருந்தாளியை உபசரிக்கும் அளவுக்குத் தெம்பு உள்ளது’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டாள் அந்தப் புண்ணியவதி. அந்த ஒரு டீக்காக நரெல் ஒரு வருஷம் அழுக்குத் துணிக்கு நடுவே குடித்தனம் நடத்தினாள்.

அதே நோய்க்காரியான சிநேகிதி காலீனுக்குப் போன் செய்தாள்.

"உன்னோட ரொம்ப மோசமான நாளைத்தான் அவங்களுக்குக் காட்டணும்டி. நல்ல நாள்ல மாட்டினே, தொலைஞ்சே."

"இந்த வாரம் பார்த்து நல்லா இருக்கேனே, நான் என்ன பண்ண?"

"உடம்பைக் கெடுத்துக்கோ. நமக்கு அது கைவந்த கலைதானே."

இந்த நோய்க்கு ஒரு குணம். உழைத்த அன்றைக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு நாள் கழித்து ஆளைச் சாய்க்கும். நரெல் விரல் விட்டுப் பார்த்தாள். வியாழன் விழ வேண்டுமானால் செவ்வாய் உழைக்க வேண்டும்.

செவ்வாயன்று குளியலறையைத் தேய்த்தாள். மூச்சு வாங்கவில்லை. படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயப் போட்டாள். கால் தள்ளாடவில்லை. பயம் வந்துவிட்டது. புல்வெட்டும் மெஷினை இழுத்து வந்து வாசலுக்கு வெளியே தெருவோரப் புல்லை வெட்டினாள். பக்கத்து வீட்டு நெவில், எழுபத்தாறு வயது, இடுப்பில் ஆபரேஷன் ஆனவர், வெராந்தாவிலிருந்து கை அசைத்தார். ஆஸ்திரேலியாவில் அவர்கள் இருந்த பெண்டிகோ ஊரில் பக்கத்து வீட்டுப் புல்லிலும் நாலடி சேர்த்து வெட்டினால் நல்ல மனுஷி என்பார்கள். நரெல் நெவிலின் புல் முழுவதையும் வெட்டினாள். நல்ல மனசெல்லாம் இல்லை, களைப்பு இன்னும் வந்தபாடில்லை.

உண்மையில் சந்தோஷமாக இருந்தது. ஆறு வருஷத்தில் உடம்பு வியர்த்தது அன்றைக்குத்தான். அதை நினைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதாள்.

புதன்கிழமை பார்த்தால் வீடு பளபளவென்று இருந்தது. இந்த வீட்டுக்கு யார் ஆள் அனுப்புவார்கள்? துவைத்த விரிப்புகளைத் தரையில் போட்டு மிதித்தாள். கழுவிய தட்டுகளில் தக்காளி சாஸைப் பூசித் தொட்டியில் அடுக்கினாள். வீட்டைக் குப்பையாக்குவதும் வேலைதான் என்பது பாதியில்தான் புரிந்தது.

வியாழக்கிழமை நோய் நாணயமாக வந்து சேர்ந்தது. கேட்டதற்கு மேலேயே வந்தது. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. போன் சமையலறையில் கிடந்தது. பதினோரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். உள்ளே வாங்க என்று சொன்னது அவள் காதுக்கே கேட்கவில்லை. மறுபடியும் தட்டினார்கள். பிறகு காலடிச் சத்தம் விலகிப் போனது. வாழ்க்கையிலேயே மிக மோசமான நாள், பார்க்கத்தான் ஆளில்லை.

பிற்பகலில் பின்கதவு வழியாக நெவில் வந்தார்.

"காலையில ஒரு பொண்ணு ஃபைலோட வந்து உன்னைத் தேடிச்சும்மா. கதவு திறக்கலைன்னதும் என்கிட்ட வந்துச்சு. நாளைக்குத் திரும்ப வரேன்னுதான் சொல்லிச்சு."

நரெல்லின் கண்ணில் நீர் வந்தது. நாளைக்கும் எழுந்திருக்க முடியாது. அது போதும்.

"நல்லவேளை, நெவில்" என்று முணுமுணுத்தாள்.

"நான் விடுவேனா? வீட்டைச் சுத்தமா வச்சிருக்கியான்னு சோதிக்க வர்ற வாடகை ஏஜென்சி ஆளுன்னு பார்த்தவுடனே தெரிஞ்சுபோச்சு. வீட்டு வேலையெல்லாம் யாரு செய்றாங்கன்னு கேட்டுச்சு. எல்லாம் அவளேதான், செவ்வாக்கிழமை என் புல்லையும் சேர்த்து வெட்டினா, குதிரை மாதிரி இருக்கான்னு சொன்னேன். ஒண்ணு விடாம எழுதிக்கிட்டு, அப்போ நாளைக்கு வர வேண்டியதில்லைன்னு சொல்லிட்டுப் போயிருக்கு. நீ நிம்மதியாப் படு, இனிமே ஒரு வருஷத்துக்கு உன் வாசப்பக்கமே வர மாட்டாங்க."