நேயர் நேரத்தில் ஒரு லாரி டிரைவர்

போன் அடிக்கவே இல்லை.

'நேயர் நேரம்' தொடங்கி இரண்டு பாட்டு ஓடி முடிந்துவிட்டது. கல்லூரி வானொலியின் ஒலிபரப்பு அறையில் எல்லோரும், மாப்பிள்ளை வராத கல்யாண வீடு வாசலைப் பார்ப்பது போல, அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒயரு, போன் வேலை செய்யுதாடா?" என்று கேட்டாள் நிலையத் தலைவி. அவள் மூன்றாம் ஆண்டு மாணவி. எந்த நிகழ்ச்சி எப்போது, மைக்கில் யார், பொத்தானில் யார் என்பதில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"ஜோரா வேலை செய்யுதுக்கா. கூப்பிடத்தான் ஆளில்ல," என்றான் ஒயர். கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவன். அப்பா அம்மா வைத்த பெயர் அவனுக்கே மறந்துவிட்டது.

மற்ற நாளாக இருந்தால் இன்னொரு பாட்டைப் போட்டு ஒப்பேற்றியிருப்பாள். இன்று முடியாது. கல்லூரித் தாளாளர் முதல்வர் அறையில் ரேடியோவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்க அவருக்கு ஓர் அறை தேவைப்பட்டது.

"இதையெல்லாம் யாராவது கேக்கறாங்களா? உண்மையான நேயர் ஒரே ஒருத்தர் இன்னிக்குக் கூப்பிடட்டும், அறை உங்களுக்கே. இல்லேன்னா சாயங்காலம் பெஞ்சு வந்து இறங்கிடும்," என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

கூட வந்த முதல்வர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "முயன்று பாருங்கள் பிள்ளைகளே," என்றதோடு சரி. 'இவரு நமக்காக ஒரு வார்த்தை பேசினா வாயில இருக்கற முத்து கொட்டிடும்' என்று தலைவி மனதுக்குள் பொருமினாள்.

இப்போது வேறு வழியில்லை. செய்தி வாசிக்கும் பெண்ணைத் தள்ளிக்கொண்டு கதவருகே போனாள்.

"நீ வெளிய போய்க் கூப்பிடு. குடும்பத் தலைவி மாதிரிப் பேசு. ஒரு பாட்டைக் கேளு. அவ்வளவுதான்."

"பொய்யாக்கா?"

"பொய் இல்லடி. நாளைக்கு நிஜமாவே வரப்போற நேயரோட ஒத்திகை."

போன் அடித்தது. மைக்கில் இருந்த அறிவிப்பாளன் துள்ளிக் குதித்து எடுத்தான். குடும்பத் தலைவி அழகாகப் பேசினாள். சமையல் செய்துகொண்டே கேட்கிறாளாம், குழந்தைக்கும் பிடிக்குமாம். எல்லாம் கடைசி வரியில் கவிழ்ந்தது. பழக்க தோஷம். "இத்துடன் செய்திகள் நிறைவடைந்தன. வணக்கம்," என்று முடித்துவிட்டாள்.

அறிவிப்பாளனுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியவன், தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்து சிரித்தான். திரும்பி வரவே இல்லை.

மைக்கில் தலைவியே உட்கார்ந்தாள். "ஒயரு, நீ போ. கடைக்காரர் மாதிரிப் பேசு."

"அப்போ பொத்தானையெல்லாம் யாரு பாக்கறது?"

"நான் பாத்துக்கறேன். ஓடு!"

ஒயர் ஓடினான். கடைக்காரர் பேசினார். "உங்க நிகழ்ச்சி நல்லாருக்குங்க. ஆனா இடது பக்கம் கொஞ்சம் இரையுது. அந்த ரெண்டாவது இணைப்பை மாத்தணும்னு நான் போன வாரமே சொன்னேன்ல?"

தலைவி அவசரமாகப் பாட்டைப் போட்டாள்.

கதவு திறந்தது. முதல்வர் அறை பியூன் தலையை நீட்டினார். "ஏம்மா, தாளாளர் ரெண்டு பேரையும் கண்டுபிடிச்சிட்டாரு. பெஞ்சைத் தூக்க ஆள் வரச் சொல்றாரு."

"முதல்வர் என்ன சொன்னாரு?"

"அவரு எழுந்து வெளிய போயிட்டாரு. பாக்கச் சகிக்கல போல."

பியூன் போனதும், மூலையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்த 'நாடகத்தின்' பக்கம் தலைவி திரும்பினாள். கல்லூரி நாடகங்களில் ராஜா வேஷம் கட்டி, பெயரே நாடகம் என்றாகிவிட்டவன்.

"நீதான் கடைசி. நடிக்கத் தெரிஞ்சவன். சாதாரணமாப் பேசு, என் ராசா."

"கவலையை விடுங்கக்கா," என்று மேல்துண்டை வீசுகிற பாவனையில் வெளியேறினான்.

சற்று நேரத்தில் போன் அடித்தது.

"வணக்கம் அம்மா. நான் ஒரு லாரி டிரைவர். நாள்தோறும் தங்கள் நிகழ்ச்சியைச் செவிமடுத்தவாறே வண்டியைச் செலுத்தி வருகிறேன்," என்றது மூக்கடைத்த குரல்.

தலைவிக்குத் தலை சுற்றியது. சட்டென்று மைக் பொத்தானை அணைத்தாள். அதாவது, அணைத்ததாக நினைத்தாள். அது எந்தப் பொத்தான் என்று தெரிந்தவன் வெளியே நின்றான்.

"டேய்! எந்த ஊரு லாரி டிரைவருடா செவிமடுப்பான்?"

"அம்மா, நான் மெய்யாகவே..."

"மெய்யாகவேவா? மூக்கை விட்டுட்டுப் பேசுடா! எருமை! சோறுதான திங்கற? வைடா போனை!"

"வைத்துவிடுகிறேன் அம்மா. ஆயினும் அந்தப் பாடலை மட்டும்..."

கதவைத் தள்ளிக்கொண்டு ஒயர் பாய்ந்து வந்தான். "அக்கா! மைக்கு ஆன்ல இருக்கு! ஊரே கேக்குது!"

அவன் பின்னாலேயே நாடகம் வந்தான். "லைனே கெடைக்கலக்கா. யாரோ பேசிட்டே இருக்காங்க."

தலைவி போனைப் பார்த்தாள். நாடகத்தைப் பார்த்தாள். பிறகு, உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே இன்னொரு முறை உட்கார்ந்தாள்.

வந்திருந்த ஒரே நேயர். அவரை எருமை என்று சொல்லியாயிற்று.

திரும்பி வந்திருந்த செய்திப் பெண் மூக்கை உறிஞ்சினாள். ஒயர் தன் ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தான். பியூன் மறுபடி வந்தபோது, பெஞ்சுதான் வருகிறது என்று எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"தாளாளர் கிளம்பிட்டாரும்மா. அறை உங்களுக்கேதானாம்."

"என்னது?"

"'அவ்வளவு திட்டு வாங்கியும் போனை வைக்காம பாட்டுக் கேட்டாரு பாரு, அவருதான்யா உண்மையான நேயர்'னு சொல்லிட்டாரு."

அறை கூரை பிய்கிற மாதிரி கத்தியது. தலைவி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம், அந்த டிரைவர் அண்ணன். எங்க இருந்தாலும் தேடிப் போய்க் காலில விழணும்."

பியூன் கதவருகே நின்று திரும்பினார்.

"அதெல்லாம் வேணாம்மா. கைக்குட்டையை மூக்குல வச்சுக்கிட்டு, லாரி டிரைவர் மாதிரியே பேசியும் எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு முதல்வர் கேட்டுட்டு வரச் சொன்னாரு."