நாலாம் நம்பர்

ரிமோட்டைச் சர்க்கரை டப்பாவுக்குள் புதைத்து, மூடியை அழுத்தி மூடிய பிறகுதான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு மூச்சு வந்தது. மணி ஒன்பதரை. மகளுக்குப் பதினொன்றரைக்கு பஸ். அதுவரை தாக்குப்பிடித்தால் மானம் தப்பிக்கும்.

கூடத்தில் மகள் சோபாவையே புரட்டிப்போட்டுத் தேடிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, ரிமோட்டைப் பாத்தியா?”

“நான் எங்கம்மா பாத்தேன்? டி.வி. பக்கமே போகலையே.”

மூலையில் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கவில்லை.

“சர்க்கரை டப்பாவுல பாருடி.”

“ஐயோ, ஆமாம்மா! இதுக்குள்ள யாரு வெச்சது?”

“எறும்பு தூக்கிட்டுப் போயிருக்கும்,” என்றாள் மனைவி.

விஷயம் இதுதான். இருபத்து நாலு வருடங்களுக்கு முன் ‘வழுக்கினால் போச்சு’ என்று டி.வி.யில் ஒரு போட்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் ஈ காக்கை இருக்காது. எண்ணெய் தடவிய உருளை, ஆடுகிற பாலம், கயிற்று வலை. கீழே இடுப்பளவு சேறு. ஆரஞ்சு உடுப்பும், முகத்தை முழுக்க மூடும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு பன்னிரண்டு பேர் ஓடுவார்கள். பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடக் கூடாது என்று உடை மாற்றக்கூடத் தனித்தனி அறை. கடைசி வாரத்தில்தான் ஜெயித்தவருடைய ஹெல்மெட்டைக் கழற்றிக் காட்டுவார்களாம்.

அந்தக் கடைசி வாரத்தைப் படம் பிடித்ததோடு சரி, ஒளிபரப்பாகவே இல்லை. செலவை ஏற்றுக்கொண்டது ஒரு சலவைத்தூள் கம்பெனி. அவர்களுடைய தூளில் துவைத்த உடுப்பு போன வாரத்துக் கறையோடு இந்த வாரமும் வந்து நின்றால் எவ்வளவு நாள் பொறுப்பார்கள்? ஆறே வாரத்தில் மங்களம் பாடிவிட்டார்கள்.

ஆறு வாரமும் உருளையை அநாயாசமாகத் தாண்டியது நாலாம் நம்பர். நம்முடைய கடைக்காரர் ஒன்பதாம் நம்பர். முதல் வாரம், முதல் உருளை, மூன்றாவது வினாடியில் தொபுக்கடீர். கடைப் பெயர் அச்சடித்த கயிற்றில் கட்டி மாட்டியிருந்த மூக்குக்கண்ணாடியும் சேற்றோடு போயிற்று.

நிகழ்ச்சி நின்ற மறு வாரம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். கைப்பையைத் திறந்துகொண்டே, “வழுக்கினால் போச்சு நிகழ்ச்சியில நீங்க...” என்று ஆரம்பித்தாள். முடிக்க விட்டால்தானே?

“கண்டுபிடிச்சுட்டீங்களா? நாலாம் நம்பர் நான்தாங்க!”

அவள் ஒரு நிமிடம் அவரையே பார்த்தாள். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கைப்பையை மூடிவிட்டு, கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்றாள். பவர் துளிகூட இல்லை. ஆனாலும் பார்வை மங்குகிறது என்று வாராவாரம் வந்தாள். எல்லாம் நாலாம் நம்பரின் மகிமை என்று கடைக்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ஆறாம் மாதம் கல்யாணம்.

பொய் அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மகள் பிறந்தாள். சைக்கிளுக்குப் பயந்தாள், மாடிப்படிக்குப் பயந்தாள். “அப்பா அந்த உருளையையே தாண்டினேன், உனக்கு இது ஒரு பெரிய விஷயமா?” என்பார் இவர். உடனே ஏறிவிடுவாள். அப்படி ஏறி ஏறி, நாளைக்குத் தீயணைப்புத் துறையின் உடற்தகுதித் தேர்வு வரை வந்துவிட்டாள். அதில் ஓர் ஆள் உயரத்தில் ஒற்றைக் கட்டை மேல் நடக்க வேண்டும். பயிற்சியில் இரண்டு தடவை விழுந்திருந்தாள்.

இந்த நேரம் பார்த்து அந்த டி.வி.க்காரர்கள் பழைய டேப்புகளைத் தூசி தட்டி, வாரம் ஒன்றாக இணையத்தில் போட ஆரம்பித்தார்கள். ஆறு வாரமும் நாலாம் நம்பர் ஓட ஓட, இவர் கூச்சமே இல்லாமல் கைதட்டலை வாங்கிக்கொண்டார். இன்றைக்குப் பத்து மணிக்கு, அன்று வராமல்போன அந்தக் கடைசிப் பகுதி. ஹெல்மெட்டைக் கழற்றும் பகுதி.

“உன் முகத்தைப் பாத்துட்டுப் போனா எனக்குத் தைரியம் வரும்பா,” என்று மகள் நேற்றுச் சொன்னதிலிருந்து அவர் ரிமோட்டை ஒளிக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

ரிமோட் கிடைத்துவிட்டது. கடைக்காரர் டி.வி.க்குப் பின்னால் துடைப்பதுபோல் குனிந்து, நெட் ஒயரைப் பிடுங்கினார்.

“ஐயோ, நெட் போச்சே! போன்லயும் டேட்டா தீந்துபோச்சு!”

“விதி அவ்வளவுதாம்மா. நீ பஸ்ஸுக்குக் கிளம்பு.”

“பக்கத்து வீட்டு டிரைவர் வீட்டுல பெரிய டி.வி. இருக்கே,” என்றாள் மனைவி, இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு.

மூன்று பேரோடு போயிருக்கவேண்டிய விஷயம். ரிட்டையரான பஸ் டிரைவருக்கு எதையும் ஆள் நிரப்பித்தான் பழக்கம். பத்தே நிமிடத்தில் மாடி வீடு, கீழ் வீடு எல்லாரும் கூடத்தில். “சார், முன் சீட்டு உங்களுக்குத்தான்!” என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

கடைக்காரர் மகளை அடுப்படிப் பக்கம் இழுத்துப் போனார். இனி உண்மைதான் வழி.

“நாலாம் நம்பர் நான் இல்லம்மா. நான் ஒன்பது. விழுந்தவன்.”

மகளுடைய முகம் வாடியது. “நாளைக்கு நான் விழுந்தா மனசு உடையக் கூடாதுன்னு இப்படிச் சொல்றியாப்பா? அப்போ நான் விழுந்துடுவேன்னு முடிவே பண்ணிட்டியா?”

“ஐயோ, அப்படி இல்லம்மா...”

“போப்பா!” கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

திரையில் அந்தப் பழைய டிரம்ஸ் ஒலித்தது. அவ்வளவு பயத்திலும் கடைக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. புதுப் பெயின்ட் வாசனை, தெர்மாகோல் மலை, காசு கொடுத்துக் கூட்டி வந்த கைதட்டல் கூட்டம், தொந்தியில்லாத தன்னுடைய இருபத்தேழு வயசு. விழுந்தாலும் எவ்வளவு நல்ல நாள் அது என்று தோன்றியது.

முதலில் பழைய காட்சிகளைத் தொகுத்துக் காட்டினார்கள். ஒன்பதாம் நம்பர் கையைக் காலை உதறிக்கொண்டு விழுந்தது. கூடமே விழுந்து விழுந்து சிரித்தது.

“பாவம், எந்த வீட்டுப் பிள்ளையோ!” என்றார் டிரைவர்.

நாலாம் நம்பர் மேடை ஏறியது. ஹெல்மெட்டைப் பிடித்து மெல்லக் கழற்றியது. நீளமாக ஒரு பின்னல் வெளியே வந்து விழுந்தது.

எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு வாசற்படியருகே கைப்பையோடு நின்றுகொண்டிருந்த கடைக்காரரின் மனைவியைப் பார்த்தார்கள்.

“அம்மா!” என்று மகள் எழுந்தே விட்டாள். அப்பா பக்கம் திரும்பினாள். “அப்போ... அந்த ஒன்பது?”

கடைக்காரர் அசடு வழியக் கையைத் தூக்கினார்.

“மூணு செகண்டுல விழுந்துட்டுதானா இத்தனை வருஷமா என்னை எல்லாத்துலயும் ஏத்திவிட்டே?”

அவர் தலைகுனிந்தார். மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், கொஞ்சம் அழுதாள். “நீ விழுந்த அழகுக்கு, நான் நாளைக்கு விழுந்தாக்கூட ஒண்ணும் ஆகாதுப்பா.” பிறகு அம்மாவிடம் ஓடினாள். “கட்டை மேல எப்படிம்மா நடக்கணும்?”

“காலைப் பாக்காதே. எதிர்ல நிக்கிற ஆளைப் பாரு.”

கடைக்காரர் தட்டுத்தடுமாறி மனைவியிடம் வந்தார்.

“இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே நீ?”

அவள் கைப்பையைத் திறந்து, காய்ந்த சேறு ஒட்டிய ஒரு மூக்குக்கண்ணாடியைக் கயிற்றோடு எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“அன்னைக்குக் கடைக்கு வந்ததே இதைக் குடுக்கத்தாங்க, நீங்கதான் முடிக்க விடலை.”