நம்பிக்கைக்குரிய ஏழாம் போர்ட்

பூவுலகில் பாதுகாப்பு என்று ஒன்று மிச்சமிருந்தால், அது மரக்காணம் கழுவெளி உப்பளத்தார் ஐக்கிய சங்கத்தில்தான் இருக்கிறது. இதைச் செயலாளர் புருஷோத்தமனே பலமுறை சொல்லியிருக்கிறார்.

உப்பு ஏலநாளில் வியாபாரிகள் முன்னறைக் கணினியில் தங்கள் விலையைத் தட்டிவிட்டுப் போவார்கள். அது, சங்கத்துக் கணினிகளையெல்லாம் கேபிளால் இணைக்கும் சுவிட்ச் என்ற தகரப்பெட்டி வழியாக, அலுவலக ஊழியை கலைமதியின் கணினிக்கு 'ரகசியமாக' வந்து சேரும். செயலாளரின் மச்சான் தேவநாதன் மட்டும் கடைசியாக வருவார். எல்லாரையும்விட ஒரு ரூபாய் கூடப் போட்டு ஜெயிப்பார். சங்கம் இதை அவருடைய ஞானம் என்றே கருதியது. வியாபாரி அப்துல் சுக்கூர் பாய் மட்டும் விலை வெளியே கசிகிறது என்று எழுதிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் தெரிந்தவள் கலைமதி ஒருத்திதான் என்பதால், இன்னொரு முறை கசிந்தால் அவளை வீட்டுக்கு அனுப்புவதாக முடிவாயிற்று.

செயலாளர் உடனே நடவடிக்கையில் இறங்கினார். உப்பு அம்பாரத்தின் மேல் மரமுத்திரையை அழுத்தி வைப்பது அளத்து வழக்கம். எவனாவது ஒரு கூடை அள்ளினாலும் எழுத்து சிதைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே சுவிட்சின் மேலும் சுண்ணாம்பு பூசி முத்திரை குத்தப்பட்டது. மழைக்கு ஓலையும் வேயப்பட்டது.

கலைமதி பொறுமையாக விளக்கினாள். "சார், திருடன் இதைத் தொடவே மாட்டான். முன் ரூம் கம்ப்யூட்டரு 'கலைமதி யாரு'ன்னு கேக்குது. எவனோ 'நான்தான்'னு சொல்லிட்டு, வாங்கிப் படிச்சிட்டு எனக்குத் தள்ளிவிடுறான். எந்த முகவரி எந்த போர்ட்டுல, அதான் கேபிள் சொருகுற ஓட்டையில, குடியிருக்குன்னு சுவிட்சுக்குச் சொல்லிவச்சா, பொய் சொல்ற போர்ட்டை அதுவே மூடிடும்."

"செய்ம்மா, செய்" என்றார் செயலாளர், அதில் ஒரு வார்த்தையும் காதில் வாங்காமல்.

அடுத்த ஏலத்தில் சுக்கூர் பாய் விலையைத் தட்டிய மறுகணம் ஏழாம் போர்ட் அணைந்தது. கலைமதி அதன் கேபிளைக் கையால் பிடித்துக்கொண்டு நடந்தாள். கேபிள் சுவரேறி, சாமி படத்தைச் சுற்றி, செயலாளர் அறைக்குள் போய், அவருடைய மடிக்கணினியில் முடிந்தது. பின்னாலேயே வந்த நிர்வாகக் குழுவும் சுக்கூர் பாயும் திரையைப் பார்த்தார்கள்.

"இது போன ஏலத்துல நான் போட்ட ரேட்டாச்சே" என்றார் பாய்.

புருஷோத்தமன் பதறவில்லை. "ஏம்மா, செக் பண்ணாம விடுற போர்ட்டுன்னு ஒண்ணு வைக்க முடியுமா?"

கேட்டால் விளக்காமலிருக்கத் தெரியாதது கலைமதியின் ஒரே குறை. "முடியும் சார். நம்பிக்கைக்குரியதுன்னு குறிச்சிட்டா சுவிட்சு அதைச் சோதிக்காது."

இருபத்திரண்டு வருடம் சேவை செய்தவரை ஒரு தகரப்பெட்டி சந்தேகிப்பதா என்று குழு கொதித்தது. ஏழாம் போர்ட் ஏகமனதாக நம்பிக்கைக்குரியதாயிற்று. அவருக்கு மட்டும்தான் மானமா என்று உறுப்பினர்கள் ஆளுக்கொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். முன்னறைக்கும் கிடைத்தது. சந்தேகத்துக்கு ஒன்றாவது வேண்டுமே என்று கலைமதியுடையதை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அதற்கடுத்த ஏலத்திலும் தேவநாதன் ஒரு ரூபாயில் ஜெயித்தார்.

விசாரணை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. நம்பிக்கைக்குரியவர்கள் திருட மாட்டார்கள். நம்பிக்கைக்குரியதல்லாத போர்ட் ஒன்றுதான் இருக்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவள் கலைமதி.

அவளுடைய வேலைநீக்க ஆணையில் செயலாளர் அதே மரமுத்திரையை அழுத்தினார். போகும்போது அவள் சுவிட்சை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சுண்ணாம்பில் ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை. சங்கத்தில் திருட்டே நடக்கவில்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?