அடுத்த வளவுக்குள் விழுந்த உயரம்

காலையில் எனக்குக் கிடைத்த வேலை, பின்காணியை அளப்பது.

விதைவெங்காய விண்ணப்பத்தில் எத்தனை பரப்பு என்று எழுத வேண்டுமாம். "பட்டம் எடுத்த பிள்ளை வீட்டில இருக்கேக்க ஆரைக் கேக்கிறது?" என்றா அம்மா.

சரவணை ஊரில் எங்கள் பின்காணி ஒரு முக்கோணி. அடியை உயரத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் சரி. பள்ளிக்கூடப் பாடம்தானே! வீதிக்குப் போகும் ஒழுங்கைப் பக்கம் குட்டை. அதையே அடியாக எடுத்தேன். அறிவாளி வெயிலில் ஏன் நெடுக நடப்பாள்?

பின்மூலையிலிருந்து ஒழுங்கைக்குச் செங்குத்தாக அளவுநாடாவைப் பிடித்தேன். தொடங்கிய இடத்திலேயே அது பக்கத்து வளவு மலர் அன்ரியின் வேலியைத் தாண்டியது.

அப்போதுதான் விளங்கியது. எங்களுடையது விரிகோண முக்கோணி. இந்த அடிக்கு உயரம் வெளியேதான் விழும். இதை எழுதிப் பரீட்சையில் புள்ளி வாங்கியிருக்கிறேன். வெளியே யாருடைய வளவு இருக்கும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் கிணறு உவர். குடிதண்ணீர் மலர் அன்ரியின் கிணற்றில்தான். அதற்கென்றே வேலியில் ஒரு பொட்டு, ஆள் குனிந்து நுழையும் இடைவெளி. வேறு யாரும் என்றால் "அன்ரி!" என்று கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள். எனக்குக் கூச்சம். கள்ளியைப்போல் நுழைந்து, நாடா நுனியைக் கட்ட ஒரு கட்டை அடித்தேன்.

எங்கள் ஊரில் அடுத்தவர் காணியில் கட்டை அடிப்பதைவிட, வீட்டுக்கு நெருப்பு வைப்பது மரியாதை.

"ஆரது, என்ர வளவுக்க கட்டை அடிக்கிறது?"

"அன்ரி... உயரம்..."

"என்ன உயரம்? கொம்மா சொல்லி விட்டவவோ?"

"இல்லை அன்ரி, அது உங்கட காணிக்க விழுது..."

"விழுதோ! நாளையில இருந்து தண்ணிக்கு இஞ்சால வராதேங்கோ!"

அம்மா ஓடி வந்தா. "ஐயோ மலர், அவளுக்குக் கணக்கு வராது!"

பட்டம் அந்த இடத்திலேயே கிழிந்தது.

ஓர் ஈர்க்குக் குச்சியால் மண்ணில் முக்கோணியைக் கீறிக் காட்டினேன். அன்ரி குனிந்து பார்த்தா.

"இந்த நீட்டுப் பக்கத்தை அடியா எடுத்திருந்தா, உயரம் உங்கட காணிக்குள்ளையே விழுந்திருக்குமே பிள்ளை?"

"உங்களுக்கு எப்பிடி..."

"எல்லைச் சண்டைக்கு மூண்டு தரம் நில அளவையாளரைக் கூப்பிட்டனான். பாத்துக்கொண்டு நிண்டனான்."

தண்ணீர் தப்பியது. பொட்டு தப்பவில்லை. பின்னேரமே அன்ரி பனங்கருக்குமட்டை வைத்து அடைத்துவிட்டா.

இப்போது குடத்தோடு ஒழுங்கையால் சுற்றிப் போகிறேன். எவ்வளவு கூடுதல் தூரம் என்று தெரியாது. நாடாவை அம்மா அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டா.