அப்ரூவ்ட் பை பசுபதி

சொந்த வீட்டில் எனக்குக் கொஞ்சம் அதிகாரம் கிடைக்கப் பதினோரு வருடம் ஆனது. அதையும் நானே புரோகிராம் எழுதித்தான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

என் பெயர் பசுபதி. டெக்சஸ் மாநிலத்து ஃபிரிஸ்கோவில் ஆபீஸ் வேலை போக, சின்னச் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து தருகிறேன். என் வாடிக்கையாளர்களிலேயே கஷ்டமானவர் ப்ரியம்வதா. வீட்டிலேயே முறுக்கு, தட்டை, மிக்ஸர் செய்து விற்கிறார். வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம். என்ன செய்வது, மனைவியாகப் போய்விட்டார்.

சைட்டில் ஒரு எழுத்து மாற வேண்டுமென்றாலும் எனக்குத்தான் போன் வரும்.

"ஏங்க, தட்டை தீந்துடுச்சு. சைட்லேர்ந்து தூக்கிடுங்க."

"மீட்டிங்ல இருக்கேன்மா."

"மீட்டிங் தீராது. தட்டை தீந்துடுச்சு."

தூக்குவேன். அரைமணியில் அடுத்த போன். புதுத் தட்டை பொரித்தாயிற்றாம், திரும்ப ஏற்ற வேண்டுமாம்.

பாஸ்வேர்டைக் கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். பக்கத்து ஊர் பிளேனோவில் கணக்கு டியூஷன் எடுக்கும் சண்முகப்ரியாவுக்கு அப்படித்தான் கொடுத்தேன். ஒரு கமாவை எடுக்கப்போய் முகப்புப் பக்கத்தையே எடுத்துவிட்டார். வெள்ளை வெளேரென்ற பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் மிச்சம்: 'இத்தளத்தை வடிவமைத்தவர் பசுபதி.'

இருந்தாலும் இந்த முறை ஏதாவது செய்தே ஆக வேண்டியிருந்தது. காரணம், சனிக்கிழமை. எங்கள் கிரிக்கெட் டீமில் மூன்று வருடமாக நான் பன்னிரண்டாவது ஆள். தண்ணீர் பாட்டில் கொண்டு ஓடுவதில் டெக்சஸிலேயே எனக்கு இணை கிடையாது. டீமில் வழக்கமாக ஆடும் சபரி ஊருக்குப் போய்விட்டதால், ஃபைனலில் என்னை ஆடவைப்பதாகக் கேப்டன் கோபாலசாமி வாக்குக் கொடுத்திருந்தார். புது பேட் வாங்கிவிட்டேன். கண்ணாடி முன்னால் நின்று செஞ்சுரி அடித்து, மட்டையைத் தூக்கியும் காட்டிவிட்டேன்.

ஆனால் அது தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. ஓவருக்கு ஒரு முறை தட்டை தீரும் நாள்.

எனவே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்தேன். ப்ரியம்வதாவுக்குத் தனி லாகின். உள்ளே இரண்டே கட்டங்கள். ஒன்றில் பலகாரப் பட்டியல், மற்றதில் அறிவிப்பு. வேறு எதையும் அவளால் தொட முடியாது. கலர் மாற்ற முடியாது, பக்கத்தை அழிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் எழுதியது நேராக சைட்டில் ஏறாது. என் போனுக்கு வரும். நான் பார்த்து 'அப்ரூவ்' அமுக்கினால்தான் ஊருக்குத் தெரியும்.

பெருமையாக விளக்கினேன். கடலை மாவைச் சலித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ நான் என்ன எழுதினாலும் நீங்க ஓகே சொல்லணும்?"

"ஆமா. அதுதான் சேஃப்டி."

"நீங்க ஓகே சொன்னா அது ஃபைனல்?"

"ஃபைனல்."

"சரி. சனிக்கிழமை டெலிவரி கேக்கறாங்க. நான் அடுப்புல இருப்பேன். நீங்க வண்டி எடுக்கறீங்களா?"

"சனிக்கிழமை மேட்ச் இருக்கே!"

"தண்ணி குடுக்கறதுக்குத்தானே? வேற யாராவது குடுப்பாங்க."

"இந்தத் தடவை ஆடறேன்! எதுவா இருந்தாலும் எழுதி சப்மிட் பண்ணு. பாத்து முடிவு சொல்றேன்."

பதினோரு வருடத்தில் அவளிடம் நான் 'முடிவு சொல்றேன்' என்றது அதுதான் முதல் தடவை. நாக்கு தித்தித்தது.

திங்கட்கிழமை முதல் சப்மிஷன் வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்து அப்ரூவ் செய்தேன். செவ்வாய்க்கிழமை எட்டு வந்தன. ரிப்பன் முறுக்கு இருக்கிறது, இல்லை, மறுபடி இருக்கிறது. முதல் வரியை மட்டும் பார்த்தேன். புதன்கிழமை பதினாறு. அன்றைக்குப் பட்டனை மட்டும்தான் பார்த்தேன். வியாழக்கிழமை அதையும் பார்க்கவில்லை. மேனேஜர் பேசிக்கொண்டிருந்தார், என் கட்டைவிரல் பாட்டுக்கு மேஜைக்கடியில் ஆட்சி நடத்தியது.

நிம்மதியான வாரம். ஒரு போன் கூட இல்லை. நமக்குள் இப்படி ஒரு நிர்வாகத் திறமையா என்று எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேஜை தெரியவில்லை. மேஜை மேலும் கீழும் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் பெயர், விலாசம். மெக்கின்னி, பிராஸ்பர், லிட்டில் எல்ம் என்று சுற்றுவட்டார ஊர்கள் எல்லாம்.

"யாரு டெலிவரி பண்றது?"

"சைட்ல போட்டிருக்கே."

போனைத் திறந்தேன். 'சனிக்கிழமை காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை வீடு தேடி டெலிவரி. கொண்டு வருபவர் பசுபதி. மிகவும் மெதுவாக ஓட்டுவார் என்பதால் முறுக்கு உடையாது.'

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"உங்களைத்தான். கீழ பாருங்க."

பார்த்தேன். 'அப்ரூவ்ட் பை பசுபதி. வியாழன் காலை 10:14.' அந்த வரியை வரவைக்க நான் தனியாக ஒரு மணிநேரம் உழைத்திருந்தேன்.

"நான் படிக்கவே இல்லடி!"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? பாத்து முடிவு சொல்றேன்னீங்க. சொன்னீங்க."

விடுவேனா? நானும் டிசைனர். யார் எதைக் கெடுத்தாலும் முந்தைய நாள் பக்கத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரு பட்டன் வைத்திருந்தேன். அமுக்கினேன். புதன்கிழமை அறிவிப்பு வந்து நின்றது.

'சனி, ஞாயிறு இரண்டு நாளும் டெலிவரி. கொண்டு வருபவர் பசுபதி.'

"ஞாயித்துக்கிழமையுமா!"

"முதல்ல அப்படித்தான் போட்டேன். அப்புறம் பாவமா இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

இன்னும் ஒரு தடவை அமுக்கினேன். செவ்வாய்க்கிழமை வந்தது. பலகாரப் பட்டியலுக்குக் கீழே கடைசி வரி: 'இது டெஸ்ட். என் வீட்டுக்காரர் இதைப் படிக்கிறாரா என்று பார்க்கிறேன்.' அதற்கும் கீழே என் பெயர், என் அப்ரூவல். ஒரு நாள் முழுக்க ஊரே படித்திருக்கிறது.

வியாழக்கிழமைப் பக்கத்தையே திரும்ப வைத்தேன். அதில் ஞாயிறாவது மிச்சம்.

கார் ஷெட்டில் நின்றிருந்த புது பேட்டை எடுத்து ஒரு தடவை துடைத்துவிட்டு, திரும்பச் சாத்தி வைத்தேன். மூன்று வருடம் சார். ஒரே ஒரு மேட்ச். கோபாலசாமியிடம் எப்படிச் சொல்வது? காய்ச்சல், சுளுக்கு, மாமனார் வருகை என்று மூன்று பொய்களை வரிசைப்படுத்திக்கொண்டு போன் செய்தேன்.

"கேப்டன், நாளைக்கு மேட்ச்சுக்கு..."

"தெரியும் பசுபதி. வேற ஆளைப் போட்டு ரெண்டு நாளாச்சு. எங்க வீட்டுக்கு ரெண்டு கிலோ தட்டை சொல்லியிருக்கேன், கிரவுண்டுக்கே கொண்டு வந்துடுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சைட்ல போட்டிருந்துச்சே! நீங்க படிக்கலையா?"