முப்பத்தெட்டு வயதுச் செல்வன்

"செல்வன்" என்று தொடங்கி வரவேற்பாளன் மைக்கில் பெயரைச் சொல்லி முடித்ததும் எழுந்து நின்றவருக்கு உதட்டை மறைக்கிற மீசை இருந்தது. அதில் பாதி நரைத்தும் இருந்தது.

"யாருய்யா செல்வன்? என் பையனே காலேஜ் போறான்."

"சீட்டுல அப்படித்தான் சார் போட்டிருக்கு."

"பால் பல்லு புடுங்க வந்தப்போ போட்ட சீட்டுய்யா அது! திருத்து. அப்புறம்தான் உள்ள போவேன்."

அந்தப் பல் மருத்துவமனையில் காத்திருந்தவர்கள் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வரவேற்பாளன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பையன் என்றால் செல்வன், பெரியவர் என்றால் திரு. மொட்டையாக ஒருவரையும் கூப்பிடக் கூடாது. முதலாளியின் கட்டளை அது. வேறொரு நாளாக இருந்தால் ஒரு மன்னிப்போடு போயிருக்கும். ஆனால் காலையில் டாக்டரம்மா சொல்லியிருந்தார்: "முதலாளி ஒருத்தரை அனுப்புறார். நோயாளி மாதிரி உக்காந்து உங்களைக் கவனிப்பாங்க. அவங்க சரின்னாதான் வேலை நிரந்தரம். இல்லைன்னா வேற இடம் பாத்துக்கங்க."

அந்த ஆள் யார் என்று கண்டுபிடிக்க அவன் சிரமப்படவே இல்லை. மூலை நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்தபடி ஓர் அம்மாள். சீட்டு வாங்கவில்லை. வலிக்கிற முகமும் இல்லை. "அவசரமில்ல தம்பி, உக்காந்திருக்கேன்" என்றவர், வந்ததிலிருந்து அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வம்பே வேண்டாம், இனி எல்லாருமே திரு என்று முடிவெடுத்து அடுத்த பெயரைக் கூப்பிட்டான். பல் பிடுங்க வந்தது ஒரு சின்னப் பையன். துணைக்கு வந்த தாத்தாவின் பெயரையே அவனுக்கு வைத்திருந்தார்கள். 'திரு' என்றதும் தாத்தா எழுந்து உள்ளே போய்விட்டார். பேரன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் யாருடைய பல் போகும் என்று அவனுக்குத் தெரியும்.

உள்ளேயிருந்து அலறல் வந்தது. "அய்யோ, எனக்கு இருக்கிறதே நாலுதாம்மா!"

டாக்டரம்மா கையில் ஊசியோடு கதவைத் திறந்தார். "ஆடுற பால் பல்லுன்னு எழுதியிருக்கு. இவரை அனுப்பியிருக்கீங்க?"

"இதோ மாத்திடுறேன் டாக்டர்!"

அவன் ஓடிப்போய்ப் பையனைத் தூக்கினான். பையன் அவன் கையைக் கடித்தான். ஆடுகிற பல் என்று சீட்டில் எழுதியிருந்ததை அதன் பிறகு அவன் நம்பவில்லை.

"ஊருக்கெல்லாம் பட்டம் கட்டுறியே," என்றார் மீசைக்காரர், "நீ யாருய்யா? செல்வனா, திருவா?"

"நானும் அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்" என்று அந்த அம்மாள் எழுந்து மேசைக்கே வந்துவிட்டார்.

அவனுக்கு வயது முப்பத்தெட்டு. கல்யாணம் ஆகாததால் உறவுக்காரர்கள் அனுப்பும் பத்திரிகை உறைகளில் இன்னமும் செல்வன்தான். அந்தச் சொல்லைக் கண்டாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். போதாக்குறைக்கு, முன்பு இங்கே இருந்த இரண்டு பிரம்மச்சாரிகளும் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனார்கள் என்று முதலாளி புலம்புவதை அவன் கேட்டிருந்தான். குடும்பஸ்தன்தான் நிலைத்து நிற்பானாம்.

"திருதாம்மா" என்றான்.

அம்மாளின் முகம் மாறியது. "கல்யாணம் ஆயிடுச்சா?"

"அது ஆச்சும்மா, ஆறு வருஷம்."

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

பெரியவர்களை மதிக்கிறவனா என்று சோதிக்கிறார். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அவங்கதாம்மா முன்னால நின்னு நடத்தி வச்சாங்க."

"அவங்களேவா?"

"பின்ன? ரெண்டு பசங்க. பெரியவனும் செல்வன், சின்னவனும் செல்வன். பாட்டியை விட்டு இறங்க மாட்டேங்கிறானுங்க."

அம்மாள் மேசையிலிருந்த தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார். கைப்பையைத் தோளில் மாட்டினார்.

"பல்லு காட்டலையாம்மா?"

"பாக்க வந்ததைப் பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார்.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. மீசைக்காரரின் சீட்டில் 'திரு' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தான். கடிபட்ட கைகூட வலிக்கவில்லை.

கூட்டம் வடிந்த பிறகு டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "தப்பிச்சீங்க. முதலாளி அனுப்புற ஆள் இன்னிக்கு வரலையாம். நாளைக்குத்தான்."

"வரலையா? அப்போ அந்த மூலையில உக்காந்திருந்த அம்மா?"

டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுக்கார அக்காதான் தலையைத் தூக்கினாள்.

"அவங்களா? பொண்ணோட அம்மா தம்பி, மாப்பிள்ளையை நேர்ல பாக்க வந்தாங்க. காலைல நான் பெருக்கிட்டிருந்தப்போ உங்கம்மா இங்க போன் பண்ணிச் சொன்னாங்க, உங்ககிட்ட மட்டும் சொல்ல வேணாம்னு. சொன்னா பயந்துபோய் எதையாவது உளறி வைப்பீங்களாமே!"