கொலோன் பேராலயம்: சமையலறை ஜன்னலிலிருந்து

ஸ்ட்ரெதம், லண்டன்

அன்புள்ள தம்பி சூசைதாசனுக்கு,

உன் அண்ணன் அருட்பிரகாசம் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணி மெற்றில்டாவும் ஜேர்மனியிலிருந்து உயிரோடும், போனபோது இருந்ததைவிடக் கூடிய எடையோடும் திரும்பி வந்து சேர்ந்தோம். ரொறன்ரோவில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மடு மாதா துணை நிற்கட்டும்.

மன்னாரில் நான் சரித்திரம் படிப்பித்த காலத்தில் ஒருநாள், கொலோன் பேராலயத்தின் படத்தைக் காட்டி, இதைக் கட்டி முடிக்க அறுநூறு வருடத்துக்கு மேல் சென்றது என்று சொன்னேன். முன்வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழும்பி, "சேர், உள்ளுக்கை நிண்டு அண்ணாந்து பாத்தால் கழுத்து நோகுமோ?" என்று கேட்டது. பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அந்த விடையைத் தேடித்தான் இந்த வயதில் போனேன், தம்பி. கோபுரத்தில் ஏற ஆசைப்படவில்லை. உள்ளே நின்று ஒருதரம் மேலே பார்த்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

புறப்பட முன்னரே பிழை தொடங்கிவிட்டது. கொலோனில் இருக்கும் தன் ஒன்றுவிட்ட தங்கை டொலறஸுக்கு மெற்றில்டா ஒரு சொல் சொன்னாள். சொல்லாமல் போனால் மனவருத்தம் வருமாம். சரி. ஆனால் எங்கள் சனத்தில் ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டுக்குப் போகாமல் விடுவது, ஒரு வீட்டுக்கும் போகாமல் விடுவதைவிடப் பெரிய குற்றம் அல்லவா? ஆகவே, ஆண்டிறுதிப் பரீட்சைக்கு நேரசூசி போடுவோமே, அதுபோல நாங்கள் பெட்டி அடுக்க முதலே காலைக்கு ஒரு வீடு, மத்தியானத்துக்கு ஒரு வீடு, தேத்தண்ணிக்கு ஒரு வீடு என்று எல்லாம் முடிவாகிவிட்டது.

கொலோன் ரயில் நிலையத்தின் முன்வாசலால் வெளியே வந்தால் பேராலயம் முகத்தில் முட்டும், அதைப் பார்க்காமல் ஊருக்குள் போகவே முடியாது என்று வழிகாட்டிப் புத்தகத்தில் எழுதியிருந்தது. எழுதியவருக்கு டொலறஸின் கணவரைத் தெரியாது. அவர் காரைப் பின்வாசலில் விட்டிருந்தார். அதன்பிறகு பேராலயத்தை நான் பார்த்ததெல்லாம் சமையலறை ஜன்னலால்தான். டொலறஸ் வீட்டு மூன்றாம் மாடியில், கொதிக்கிற புட்டுப் பானையின் ஆவிக்கு நடுவே இரண்டு கோபுர நுனிகள் தெரிந்தன. போவோமா என்று கேட்டேன். "அது இவ்வளவு காலமும் அங்கைதானே நிக்குது அண்ணை, ஓடாது. ஆட்டுக்கறி ஆறிப்போம்" என்றார் டொலறஸின் கணவர். அங்கிருந்து நொய்ஸ் ஊரில் இன்னொரு வீடு. மூன்று ரோல்ஸ் சாப்பிட்டேன், ஏனென்றால் ஒன்றோடு நிறுத்தினால் பிடிக்கவில்லை என்று அர்த்தமாம். அங்கிருந்து டோர்ட்மண்டில் டொலறஸின் மச்சாள் வீடு. அங்கே மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோவை முழுதாகப் போட்டார்கள். கோபுர நுனிகூடத் தெரியவில்லை. நான் மெற்றில்டாவின் காதுக்குள் கெஞ்சினேன். அவள் சிரித்த முகம் மாறாமல் சொன்னாள்: "கோயில் கோவிக்காது. டொலறஸின்ரை மச்சாள் கோவிப்பா."

கடைசி நாள் கொலோனுக்குத் திரும்பியதும், நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ட்ராம் பிடித்து, தனியாகப் பேராலயத்து வாசல்வரை போய்விட்டேன். கதவு திறந்திருந்தது. உள்ளே மெழுகுதிரி வெளிச்சம்கூடத் தெரிந்தது. அப்போது பின்னாலிருந்து "சேர்" என்று ஒரு குரல். மரக்கறிப் பையோடு சிவனேஸ்வரி. என்னிடம் படித்த பிள்ளை. ஒருதரம் உள்ளே போய்விட்டு வருகிறேன் என்றேன். அவளுடைய கண் கலங்கிவிட்டது.

"டொலறஸ் அக்கா வீட்டிலை நாலு நேரமும் சாப்பிட்டனீங்களாம். என்ரை வீட்டிலை ஒரு தேத்தண்ணியும் குடிக்கமாட்டியளோ சேர்?"

படிப்பித்த பிள்ளைக்கு எப்படி இல்லை என்று சொல்வது? தேத்தண்ணி என்றது இடியப்பமும் சொதியுமாகி, சொதி பாயாசமாகியது. கையைக் கழுவிக்கொண்டே, பேராலயம் உள்ளே எப்படியிருக்கும் பிள்ளை என்று கேட்டேன்.

"எங்கை சேர் போனது? இருபது வருசமா வாற ஆக்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து வாசல்லை படம் எடுக்கிறதோடை சரி. ஓடிவந்து சமைக்க வேணுமே."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மறுபடியும் நிலையத்தின் பின்வாசல்.

எனக்கு எழுபத்தாறு வயது. முழங்காலுக்கு அதைவிடக் கூட. இனிமேல் போவேன் என்ற நம்பிக்கை இல்லை. அந்த முன்வாங்குப் பிள்ளையின் கேள்வி கேள்வியாகவே இருக்கப்போகிறது. நீயாவது என்னைப் பார்த்துப் படித்துக்கொள். ஊர் பார்க்கப் போவதென்றால் கூடப்பிறந்தவனுக்குக்கூட மூச்சுக் காட்டாதே. ஹோட்டலில் தங்கு, பாண் துண்டைக் கடித்துக்கொண்டு நட, உள்ளே போய்ப் பார்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பும் ஆசீர்வாதமும்.

உன் அண்ணன்,
அருட்பிரகாசம்

பி.கு.: அடுத்த மாதம் நீ லண்டன் பார்க்க வருகிறாய் என்றும், டவர் பிரிட்ஜ் பக்கத்தில் ஹோட்டல் எடுத்திருக்கிறாய் என்றும் இப்போதுதான் மெற்றில்டா சொன்னாள். சொந்த அண்ணனுக்குச் சொல்லாமல் ஹோட்டலோ? நெஞ்சு எரிகிறது, தம்பி. அதை உடனே நிற்பாட்டு. வெம்பிளியில் இருக்கும் எங்கள் ஊர்க் கணேசலிங்கத்துக்கும் குட்மேய்ஸில் இருக்கும் கல்யாணிக்கும் நானே சொல்லிவிட்டேன். இருவரும் ஆட்டிறைச்சிக்குச் சொல்லிவைத்துவிட்டார்கள். பாலத்தைக் கல்யாணி வீட்டுக்குப் போகும் வழியில் காருக்குள் இருந்தே காட்டுகிறேன். நீ ஒன்றைமட்டும் செய்: விமானத்தில் தருகிற சாப்பாட்டைத் தொடாமல் வா.